வரிசையில் நிறுத்தும் தளமும் கூப்பிட்டு ஏற்றும் தளமும்

மதுரையை அடுத்த சமயநல்லூரிலிருந்து பெங்களூருவுக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று தண்டவாளம், இன்னொன்று நான்குவழிச் சாலை. விடியற்காலையில் மதுரையிலிருந்து கிளம்பும் வந்தே பாரத் நம்ம ஊர் நிலையத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடும். அடுத்து அது நிற்பது திண்டுக்கல்லில்தான். தூத்துக்குடியிலிருந்து மைசூருக்குப் போகும் எக்ஸ்பிரஸும் நமக்காக நிற்பதில்லை. ஏற வேண்டுமென்றால் மதுரைக்குப் போய்க் காத்திருக்க வேண்டியது நாம்தான். சாலையில் நிலைமை வேறு. பெட்டியோடு ஓரமாக ஒருவர் நிற்பதைப் பார்த்தாலே டிரைவரின் கால் பிரேக்குக்குப் போகும். படியில் நிற்கும் கிளீனர் "பெங்களூரா, பெங்களூரா?" என்று நமக்கு முன்னால் கேட்டுவிடுவார்.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் உள்ள இந்தக் குணம் அவற்றின் இணையதளங்களிலும் அப்படியே இருக்கிறது. ரயில் சீட்டுக்கு ஐ.ஆர்.சி.டி.சி., ஆம்னி பஸ் சீட்டுக்கு ரெட்பஸ். இரண்டையும் பல வருடமாகப் பயன்படுத்தி வந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது சமீபத்தில்தான். ஊரில் வாடகைப் பாத்திரம், பந்தல், நாற்காலி வைத்துத் தொழில் செய்யும் அண்ணன் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நமக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் குடு. பாக்குறவன் பாத்துட்டு சும்மா போயிறக் கூடாது. போன் போடணும், ஆமா" என்றார். அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை. அந்த "போன் போடணும்" என்பதற்கு என்ன செய்வது என்று தேடியபோதுதான் இந்த இரண்டு தளங்களையும் உட்கார்ந்து ஆராய ஆரம்பித்தேன்.

முதலில் பிறப்பைப் பார்க்க வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 1999இல் தொடங்கியது. இணையத்தில் சீட்டு விற்க ஆரம்பித்தது 2002 ஆகஸ்டில். அப்போது இணையத்தில் பணம் கட்டினால் காகிதச் சீட்டு கூரியரில் வீட்டுக்கு வரும். நாமே அச்சிட்டுக்கொள்ளும் இ-டிக்கெட் 2005இல்தான் வந்தது. 2020 முடிவதற்குள் முன்பதிவுச் சீட்டுகளில் சுமார் 83 சதவீதம் இந்தத் தளத்தின் வழியாகவே விற்பதாக ரயில்வே அறிவித்தது. கவனித்துப் பார்த்தால், ரயில்வே புதிதாக ஒரு வாடிக்கையாளரையும் தேடிப் பிடிக்கவில்லை. மதுரை ஜங்ஷன் முன்பதிவு மையத்தில் காலையிலேயே போய் நின்ற அதே வரிசைதான் வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இடம் மாறியது.

ரெட்பஸ்ஸின் கதை ஒரு தீபாவளியில் தொடங்குகிறது. 2005இல் பெங்களூருவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் வேலை பார்த்த பணீந்திர சாமா என்ற இளைஞருக்கு ஐதராபாத் போக பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஏஜென்ட் ஏஜென்ட்டாக ஏறி இறங்கியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தன் கையில் இருக்கும் நாலைந்து பஸ்களைத்தான் தெரியும். ஊர் முழுக்க எந்த பஸ்ஸில் எந்த இடம் காலி என்பது யாருக்குமே தெரியாது. பிலானி பிட்ஸில் படித்த நண்பர்கள் சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜு ஆகியோருடன் சேர்ந்து 2006 ஆகஸ்டில் அவர் ரெட்பஸ்ஸைத் தொடங்கினார். 2013இல் இபிபோ குழுமம் அதை வாங்கியது. பஸ்ஸில் இடம் இல்லாததைவிட, இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாததுதான் அங்கே பிரச்சினை. அதனால் அந்தத் தளத்தின் உடம்பு முழுக்க ஒரே வேலைதான்: காட்டுவது.

இரண்டு தளங்களின் முகப்புகளும் ஒரே கேள்விகளோடுதான் தொடங்குகின்றன. எங்கிருந்து, எங்கே, என்றைக்கு. ரயில் தளம் அதோடு எந்த வகுப்பு, எந்த ஒதுக்கீடு, சலுகை உண்டா, தேதி முன்னப்பின்ன ஆனால் பரவாயில்லையா என்று நாலைந்து கட்டங்களைச் சேர்த்துக்கொள்கிறது. அரசாங்கப் படிவம் என்ற பழைய ரத்தம் அதில் ஓடுகிறது. பஸ் தளம் மூன்று கேள்வியோடு நிறுத்திவிடும். ஆனாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. வந்தவர் எதற்கு வந்தார் என்று அவற்றுக்குத் தெரியும். "எங்கள் இணையதளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று அவை ஆரம்பிப்பதில்லை.

நம் பக்கத்துத் தொழில் தளங்களைப் பாருங்கள். திறந்ததும் வணக்கம் சொல்லும் இரண்டு கைகள். அடுத்து, நகர்ந்துகொண்டே இருக்கும் ஐந்து படங்கள். அதற்குக் கீழே நிறுவனர் வரலாறு, தரமே எங்கள் தாரக மந்திரம், கடைசியில் உரிமையாளர் படம். காதணி விழா ஃபிளக்ஸில் தாய்மாமன்களை வரிசையாக அடுக்கிப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கம் வெப்சைட்டுக்கும் வந்துவிட்டது. ஃபிளக்ஸில் அது சரி. அங்கே படத்தைப் போடுவதே மொய் வசூலுக்கு முந்தைய மரியாதை. தளத்துக்கு வந்தவரோ, சித்திரை முகூர்த்தத்துக்குப் பந்தல் கிடைக்குமா என்ற ஒரே கவலையோடு, ஒரு கையில் போனும் மறு கையில் மண்டப ரசீதுமாக நிற்கிறார்.

அடுத்தது வாசற்படி. இங்கேதான் இரண்டு தளங்களும் பிரிகின்றன. 2018 மே மாதத்துக்கு முன்னால் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனால்தான் எந்த ரயிலில் இடம் இருக்கிறது என்றே பார்க்க முடியும். ஜவுளிக்கடை வாசலில் ரேஷன் கார்டு கேட்பது போன்ற ஏற்பாடு. அந்த மே மாதம் வந்த புதிய வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் தேடலாம். பதிவு செய்யும்போதுதான் அடையாளம் கேட்கும். பஸ் தளத்தில் இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே பயணியின் பெயர், வயது, தொலைபேசி எண் என்று விவரங்கள் கேட்கப்படுகின்றன. பொருளைக் கையில் எடுத்தவர் பெயர் சொல்லத் தயங்கமாட்டார். எடுப்பதற்கு முன் கேட்டால் தயங்குவார்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. ஜாரெட் ஸ்பூல் என்ற இணைய ஆய்வாளர் 2009இல் எழுதியது. பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் பணம் கட்டும் முன் "பதிவு செய்யுங்கள்" என்று ஒரு பட்டன் இருந்தது. அதை எடுத்துவிட்டு "தொடருங்கள்" என்று வைத்து, கணக்குத் தொடங்குவது கட்டாயமில்லை என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். வாங்குவோர் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. முதல் ஆண்டிலேயே 30 கோடி டாலர் கூடுதல் வருமானம் என்று அவர் கணக்குச் சொன்னார். கடையின் பெயரை அவர் வெளியிடவில்லை.

ஆனால் ரயில் தளத்தின் சுவர்களை எல்லாம் வடிவமைப்புக் குறை என்று தள்ளிவிட முடியாது. தட்கல் பதிவு குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அந்த நிமிடத்தில் மனிதரோடு மென்பொருளும் வரிசையில் நிற்கிறது. கோணல்மாணலாக எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொல்லும் கேப்சா அந்த மென்பொருளை வெளியே நிறுத்தத்தான். 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் தட்கல் எடுக்க முடியும் என்றாயிற்று. முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்கு அனுமதி இல்லை. ஆக, அந்தச் சுவர் சாதாரணப் பயணியின் முறைக்குக் காவல். அது அவரையும் சேர்த்து வாட்டுகிறது என்பது வேறு விஷயம். தீபாவளிக்கு ஊருக்கு வர நினைக்கும் பிள்ளைகள் அந்த வாட்டத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். ரயில்வேக்குப் போட்டியாக இன்னொரு ரயில்வே இல்லை. பந்தல்காரருக்கு அப்படி இல்லை. அவர் தளம் ஒரு கேப்சா கேட்டால் வந்தவர் பரவையிலோ விளாங்குடியிலோ இன்னொரு பந்தல்காரருக்குப் போன் போட்டுவிடுவார். விசாரணைப் படிவத்தில் கேப்சா வைத்த சிறு தொழில் தளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அண்டா வாடகைக்கு எடுக்க யார் ரோபோவை அனுப்பப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

பட்டனுக்கு வருவோம். ரயில் தளத்தில் வண்டியையும் வகுப்பையும் தேர்ந்தெடுத்ததும் எழுவது "புக் நவ்". பஸ் தளத்தில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எதிரே நான் பார்த்துப் பழகியது "வியூ சீட்ஸ்". இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு வியாபார தத்துவமே இருக்கிறது. முன்னது முடிவெடு என்கிறது. பின்னது சீட்டைப் பார் என்று மட்டும் கேட்கிறது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வாசலில் நிற்பவர்கள் என்ன சொல்வார்கள்? "உள்ள வாங்கக்கா, சும்மா பாருங்க, எடுக்கலைன்னாலும் பரவால்ல." ஒருவரும் "வாங்குங்க" என்று சொல்லமாட்டார்கள். படியேறி உட்கார்ந்து, நாலு புடவை விரித்த பிறகு எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் பிரசாரத் தளத்தில் டான் சிரோக்கர் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. பட்டனுக்கு நான்கு வாசகம், மேலே ஆறு விதப் படம் அல்லது வீடியோ, மொத்தம் 24 சேர்க்கைகள். "பதிவு செய்யுங்கள்" என்பதைவிட "மேலும் அறியுங்கள்" என்ற சொல்லும், வீடியோக்களைவிட அவர் குடும்பப் படமும் ஜெயித்தன. பதிவு செய்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 ஆனார்கள். குழுவில் இருந்தவர்களுக்கே வீடியோதான் ஜெயிக்கும் என்ற நம்பிக்கை இருந்ததாம். விளக்குத்தூண் கடைக்காரரைக் கேட்டிருந்தால் சோதிக்காமலே சொல்லியிருப்பார்.

தமிழில் பட்டன் எழுதும்போது வரும் சங்கடம் தனி. படிவத்தின் கடைசியில் "சமர்ப்பி" என்று போடுகிறோம். சமர்ப்பிப்பது கோயிலில், அல்லது தாலுகா அலுவலகத்தில். கல்யாணத்துக்கு இருநூறு நாற்காலி கேட்கிற ஆள் எதைச் சமர்ப்பிக்க வேண்டும்?

இனி நடுப்பக்கம். பஸ் தளத்தின் வெற்றி அந்தச் சீட்டுப் படத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேல் படுக்கை, கீழ் படுக்கை, ஜன்னலோரம், கடைசி வரிசை எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பெண்களுக்கான இடம் தனி நிறத்தில். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக அனுப்பும் அம்மாவுக்கு, பக்கத்து இடமும் ஒரு பெண்ணுக்குத்தான் என்று தெரிவது எந்தச் சலுகையைவிடவும் பெரிது. அதோடு ஏறுமிடம், நேரம், பஸ்ஸின் படம், போய் வந்தவர்கள் கொடுத்த மதிப்பெண். கேள்விகள் ஒவ்வொன்றாக அடங்க அடங்க, விரல் தானாகவே அடுத்த பட்டனுக்குப் போகும். ரயில் தளத்தில் சாதாரண முன்பதிவின்போது பெட்டிக்குள் பார்க்க வழியில்லை. கீழ் படுக்கை வேண்டும் என்று விருப்பம் தெரிவிக்கலாம், கொடுப்பது இயந்திரம். இந்த ஒரு விஷயத்தில் பஸ் தளத்துக்கே முழு மதிப்பெண்.

ஆனால் ரயில் தளம் காட்டுகிற இன்னொன்று பஸ் தளத்திடம் இல்லை. ஓர் எண். இடம் தீர்ந்த பிறகும் நம் முறை எத்தனையாவது என்று சொல்லும் எண். ஆர்.ஏ.சி. 12. வெயிட்டிங் லிஸ்ட் 35. இதைப் பார்ப்பவர் வெயிட்டிங் லிஸ்ட் என்று தெரிந்தே பணம் கட்டுகிறார்! எந்த வியாபாரத்திலும் "சரக்கு இல்லை, பணம் கட்டிவிட்டுக் காத்திருங்கள்" என்றால் யாராவது கட்டுவார்களா? இங்கே கட்டுகிறார்கள். காரணம் இரண்டு. ஒன்று, அந்த எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. 35 என்றால் 35தான். இரண்டு, பட்டியல் தயாரான பிறகும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்ட இ-டிக்கெட் தானாக ரத்தாகி, பணம் வந்த கணக்குக்கே திரும்பிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். காரியம் கூடாவிட்டால் என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் துணிந்து அழுத்துகிறார்கள். ஆம்னி பஸ்ஸில் ரத்து விதி கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. அதைத் தேடிப் படிக்கும் பொறுப்பு பயணியின் தலையில்.

ரயில் தளத்தின் எண்ணை இவ்வளவு புகழ்வதற்குக் காரணம் உண்டு. அந்த எண்ணின் மரியாதையைத் திருடிப் பிழைக்கும் தளங்கள் இணையத்தில் பெருகிவிட்டன. "இன்னும் இரண்டே பாக்கி", "இப்போது 18 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்", ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம். பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட ஏமாற்று வடிவங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மொத்தம் 13 வகை. பொய் அவசரம் அதில் ஒன்று. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, "வேண்டாம், எனக்குக் குடும்பத்தின் மேல் அக்கறை இல்லை" என்று சொல்ல வைத்துக் கூச வைப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாகக் கடைசியில் ஏற்றுவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவையும் பார்வையாளரை அழுத்த வைக்கும் உத்திகள்தான், சந்தேகமில்லை. நகரத்துப் பெரிய தளத்துக்கு ஏமாந்தவர் ஒரு கோடியில் ஒருவர். சமயநல்லூரில் ஏமாந்தவர் மறுநாள் காலை டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

கூடுதல் கட்டணம் என்று வரும்போது ரயில் தளமும் சுத்தத் தங்கம் இல்லை. யு.பி.ஐ. வழியாகக் கட்டினால் சாதாரண வகுப்புக்கு 10 ரூபாய், குளிர்சாதன வகுப்புக்கு 20 ரூபாய் வசதிக் கட்டணம். மற்ற வழிகளில் 15, 30. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. பணமதிப்பிழப்பு வந்தபோது, 2016 நவம்பரில், இணையத்தில் வாங்குவதை ஊக்குவிக்க இந்தக் கட்டணத்தை எடுத்தார்கள். பழகிய பிறகு 2019 செப்டம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். மக்கள் மறுபடி கவுன்டருக்குப் போய்விடவில்லை. தூண்டிலில் புழு மாட்டியவர்களுக்கு மீனின் குணம் தெரிந்திருந்தது. தீபாவளி சமயத்தில் ஆம்னி பஸ் கட்டணம் ஏறும் வேகத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு கணக்கே இல்லைதான். அது தளத்தின் வடிவமைப்பில் அடங்காத விவகாரம்.

பந்தல் அண்ணனின் தளத்துக்கு இந்த இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்தேன். ரயிலிலிருந்து அந்த உண்மை எண்ணை; பஸ்ஸிலிருந்து அந்தச் சீட்டுப் படத்தை.

முகப்பில் படங்கள் ஓடவில்லை. மேலே என்ன தொழில், எந்தெந்த ஊர் வரை வண்டி வரும் என்று இரண்டு வரி. அடியில் அந்த வருடத்து முகூர்த்த நாட்கள். ஒப்புக்கொண்ட நாட்களில் சிவப்புக் கோடு. "கோடு போட்டா, நம்மகிட்ட சரக்குக் கம்மின்னு நினைச்சுக்குவாங்களே?" என்று அண்ணன் கவலைப்பட்டார். "நிறையப் பேர் கூப்பிடுறாங்கன்னு நினைப்பாங்கண்ணே" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அதோடு, பொய்யாக ஒரு நாளும் சிவப்புக் கோடு போடக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். அடுத்து இருநூறு பேர், ஐந்நூறு பேர், ஆயிரம் பேர் பந்தி என்று மூன்று படங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை அண்டா, எத்தனை மேசை, எத்தனை வாளி போகும் என்ற பட்டியல். பட்டனில் "தேதி இருக்கான்னு கேளுங்க" என்று எழுதினேன். அதை அழுத்தினால் நேராக அவர் போனுக்குப் போகும்.

இந்த இடத்தில் தளம் போடும் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. போன் நம்பரைப் படத்துக்குள் எழுதாதீர்கள். பேனரில் பெரிதாக, மஞ்சள் எழுத்தில், அழகாக இருக்கும். விரலால் தட்டினால் ஒன்றும் நடக்காது. வந்தவர் பேனா தேடி, பத்து எண்ணையும் எழுதி, மறுபடி போட வேண்டும். எழுத்தாக வைத்து, தட்டினால் அழைப்பு போகும்படி இணைப்புக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். மின்னஞ்சல் முகவரி கேட்கும் படிவத்தையும் எடுத்துவிடுங்கள். காதணி விழாவுக்குப் பாத்திரம் சொல்லும் தாய்மாமன் மின்னஞ்சலில் பேசமாட்டார்.

விலை போடும் விஷயத்தில் அண்ணன் கடைசிவரை மசியவில்லை. "ரேட்டப் போட்டா எதிர்க்கடைக்காரன் அஞ்சு ரூவா கொறச்சுப் போட்டுருவான்" என்பது அவர் கட்சி. நாற்காலிக்கும் மேசைக்கும் மட்டும் போட்டோம். பந்தலுக்கு "இடத்தைப் பார்த்துச் சொல்கிறோம், பார்க்க வர காசு இல்லை" என்ற வரி. பந்தல் உண்மையிலேயே இடத்தைப் பொறுத்ததுதான் என்பதால் நானும் விட்டுக்கொடுத்தேன்.

கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். விசேஷம் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற வரி. ரயில் தளத்திடம் நான் படித்த பாடத்தில் பாதி அந்த ஒரு வரிதான். "அது ஆளப் பாத்துப் பண்றது தம்பி, எழுதிப் போட்டா அப்புறம் மாத்த முடியாது" என்கிறார் அண்ணன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி இரண்டு மாதமாகிறது. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.